4 எம்பி ரூட்டரில் லினக்ஸ்: எதை எடுப்பது, எதை விடுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பரணில் கிடக்கும் பழைய வைஃபை ரூட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸை ஏற்றினால் அது மறுபடி உழைக்கும் என்று உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது. 8 எம்பி ஃபிளாஷும் (நிரல்கள் நிலையாக இருக்கும் சிப்) 64 எம்பி ரேமும் (ஓடும்போது மட்டும் பயன்படும் நினைவகம்) உள்ள பெட்டிக்கு அது சரி. ஆனால் சென்னை வீடுகளிலும் காயலான் கடைகளிலும் குவிந்திருப்பவற்றில் பல 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம் வகை. அந்தப் பெட்டியில் குறிப்பில் சொன்னபடி செய்தால், ஐந்து வருடத்துக்கு முந்தைய பாதுகாப்பு ஓட்டைகளோடு இன்டர்நெட்டில் நிற்கும் ரூட்டர் கிடைக்கும். இல்லாவிட்டால் செத்த பெட்டி கிடைக்கும். இரண்டும் வேண்டாம் என்றால் ஃபெர்ம்வேரை, அதாவது ரூட்டருக்குள் ஓடும் மென்பொருளை, நாமே ஒல்லியாகக் கட்ட வேண்டும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் பெட்டியைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். மாடல் எண் போதாது, வெர்ஷன் எண்ணும் வேண்டும். டிபி-லிங்க் 841என் ரூட்டரில் வெர்ஷன் 8 முதல் 12 வரை 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம். வெர்ஷன் 13-ல் 8-ம் 64-ம் ஆனது. வெர்ஷன் 14-ல் திரும்பவும் 4-க்கும் 32-க்கும் இறங்கிவிட்டது. எண் பெரிதானால் சரக்கும் பெரிது என்று நம்பி ரிச்சி தெருவில் பழைய ரூட்டர் வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். கடைக்காரர் ‘841’ என்றுதான் சொல்வார். அவர் மேல் குற்றமில்லை, அட்டைப்பெட்டியிலும் பெரிய எழுத்தில் அதுதான் இருக்கிறது. இது புதுப் பழக்கமும் அல்ல. ஓபன்டபிள்யூஆர்டி பிறக்கக் காரணமான லிங்க்சிஸ் 54ஜி ரூட்டரே ஐந்தாம் வெர்ஷனில் 2 எம்பி ஃபிளாஷ், 8 எம்பி ரேம் என்று சுருங்கி, லினக்ஸையும் கைவிட்டது. பழைய அளவு வேண்டும் என்றவர்களுக்கு 54ஜிஎல் என்று தனிப் பெயரில் விற்றார்கள்.

இந்தச் சின்னப் பெட்டிகளுக்கு ஓபன்டபிள்யூஆர்டி தரப்பில் அதிகாரபூர்வமாக வந்த கடைசி வரிசை 19.07. அதற்கும் 2022-ல் திருத்தங்கள் நின்றுவிட்டன. 21.02 முதல் குறைந்தபட்சத் தேவையே 8 எம்பி, 64 எம்பி. இணையத்தில் தேடினால் கையில் சிக்கும் தயார் ஃபைல் பெரும்பாலும் 18.06 அல்லது அதற்கும் பழையது. 2021 ஜனவரியில் வெளிவந்த டிஎன்எஸ்மாஸ்க் (வீட்டுக் கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுத்து, இணையப் பெயர்களைத் தேடித் தரும் நிரல்) ஓட்டைகளும், அதே ஆண்டு மே மாதம் வெளிவந்த வைஃபை ஓட்டைகளும் அதில் அப்படியே இருக்கும். சோர்ஸ் கோட் (நிரலின் மூல வரிகள்) மட்டும் இன்னும் திறந்தே இருக்கிறது. ஏத்தரோஸ் கம்பெனியின் சிப் உள்ள 4 எம்பி பெட்டிகளுக்கு அதில் ‘டைனி’ என்று தனிப் பிரிவே உண்டு. புதிய சோர்ஸை எடுத்து, வேண்டாததை உருவிவிட்டுக் கட்டினால் 4 எம்பிக்குள் அடங்கும்.

இடக் கணக்கைப் பார்ப்போம். 4 எம்பி என்பது 4,096 கேபி. ஒரே தடவையில் அழிக்கும் 64 கேபி துண்டான பிளாக்காக எண்ணினால் 64 பிளாக். 841என் ரூட்டரின் ஏத்தரோஸ் வெர்ஷன்கள் போன்ற பெட்டிகளில் முதல் இரண்டு பிளாக் பூட்லோடருக்கு, அதாவது பெட்டியைக் கிளப்பும் முதல் நிரலுக்கு. கடைசி ஒன்று ‘ஏஆர்டி’ என்ற பகுதிக்கு. அந்தப் பெட்டியின் ரேடியோவைத் தொழிற்சாலையில் அளந்து எழுதிய எண்கள் அதில் இருக்கும். வேறு பெட்டியின் எண்கள் இதற்குச் சரிவராது. மிச்சம் 61 பிளாக், அதாவது 3,904 கேபி. லினக்ஸின் மையமான கெர்னல், அதன் பின்னால் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கிய ஃபைல் தொகுதி, கடைசியில் நம் செட்டிங் எழுதப்படும் ஜேஎஃப்எஃப்எஸ்2 பகுதி, மூன்றும் அதற்குள் அடங்க வேண்டும். ஜேஎஃப்எஃப்எஸ்2-க்கு ஐந்து பிளாக் இல்லாமல் வேலை நடக்காது. ஐந்து பிளாக் 320 கேபி. அதையும் கழித்தால் நம் கையில் மிஞ்சுவது 3,584 கேபி.

இந்த 320 கேபியை மறப்பதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடப்பது. நாலு பிளாக் மட்டும் மிஞ்சினால் ஃபெர்ம்வேர் கட்டும்போது எந்த எச்சரிக்கையும் வராது. ஏற்றும்போதும் வராது. ரூட்டர் ஒழுங்காகக் கிளம்பும், பாஸ்வேர்டு போடலாம், வைஃபை பெயர் மாற்றலாம், எல்லாம் ஓடும். கரண்ட் போய் வந்தால் அத்தனையும் மறைந்து ஆரம்ப நிலைக்குப் போயிருக்கும். பெட்டி பழுது என்று நினைத்துத் தூக்கிப்போடுகிறவர்கள் உண்டு. கெர்னல் லாகைத் திறந்தால் ‘ஜேஎஃப்எஃப்எஸ்2: டூ ஃப்யூ இரேஸ் பிளாக்ஸ் (4)’ என்று ஒரே வரியில் காரணம் இருக்கும். செட்டிங் ஃபிளாஷுக்குப் போக இடமில்லாமல் ரேமில் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். பிளாக்கை 64 கேபிக்குப் பதில் 4 கேபியாகக் கையாளும் வசதி கெர்னலில் உண்டு. ஃபிளாஷ் சிப்பும் அதை ஏற்றால் ஐந்து பிளாக் 20 கேபியில் முடிந்துவிடும். ஆனால் அழித்து எழுதுவது மெதுவாகும்.

இன்னொரு தப்புக் கணக்கும் உண்டு. ஏற்றிய பிறகு வேண்டாத பேக்கேஜை (தனித்தனி நிரல் தொகுப்பு) நீக்கி இடம் பிடிக்கலாம் என்பது நடக்காது. ஸ்குவாஷ்எஃப்எஸ் படிக்க மட்டுமே ஆனது. நீக்கினால் ‘இது இல்லை’ என்ற குறிப்பு மேலடுக்கான ஜேஎஃப்எஃப்எஸ்2 பகுதியில் எழுதப்படும். இடம் இன்னும் குறையும். குறைப்பதைக் கட்டும்போதே குறைக்க வேண்டும்.

எதைக் குறைப்பது என்பதற்கு முன் இந்தப் பெட்டிக்கு என்ன வேலை என்று முடிவு செய்ய வேண்டும். ஒரே ஒரு வேலை. என் சிபாரிசு, இன்டர்நெட்டுக்கு நேர் முகமாக அதை நிறுத்தாமல், ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் வெறும் வைஃபை நிலையமாக வைப்பது. ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் ஐபி முகவரி கொடுப்பது, ஃபயர்வால், பிபிபிஓஇ லாகின் (இணைய நிறுவனத்திடம் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழைவது) எல்லாவற்றையும் ஃபைபர் பெட்டியே பார்த்துக்கொள்ள முடியும். பின் அறைக்கோ மொட்டை மாடிக்கோ சிக்னல் கொண்டு போவதற்கும், கேமரா, பிரிண்டர் போன்றவற்றைத் தனி வைஃபையில் சேர்ப்பதற்கும் 841என் தாராளம். அதன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான், ரேடியோ 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான்; 200 எம்பிபிஎஸ் பிளான் எடுத்துவிட்டு இதன் வழியாக முழு வேகம் எதிர்பார்க்கக் கூடாது.

வைஃபை நிலையம் மட்டும் என்று முடிவானால் உருவும் பட்டியல் நீளும். லாகினுக்கான பிபிபி, டிஎன்எஸ்மாஸ்க், முகவரி கொடுக்கும் இன்னொரு நிரலான ஓடிஹெச்சிபிடி, ஃபயர்வால், அதோடு வரும் நெட்ஃபில்டர் மாட்யூல்கள் (பாக்கெட்டை வடிகட்டும் கெர்னல் பகுதிகள்), பேக்கேஜ் இறக்கும் நிரல், அதன் கையெழுத்துச் சோதனை எல்லாம் வெளியே. லூசி என்ற வெப் பக்கமும் வெளியே; புதிய கெர்னலோடு அதற்கு இடமில்லை, கணினியிலிருந்து கட்டளை கொடுக்கும் எஸ்எஸ்ஹெச் போதும். புதிய வகை இணைய முகவரியான ஐபிவி6-ஐயும் எடுத்துவிடலாம். இந்தியாவில் இவ்வளவு பேர் ஐபிவி6 பயன்படுத்தும்போது எடுக்கலாமா என்று கேட்பீர்கள். பிரிட்ஜாக, அதாவது வெறும் பாலமாக நிற்கும் பெட்டி பாக்கெட்டைத் திறந்து பார்க்காமல் இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் தள்ளுகிறது. ஃபைபர் பெட்டி தரும் ஐபிவி6 முகவரி போனுக்கு வழக்கம்போல் போய்ச் சேரும். ரூட்டருக்கென்று ஒரு ஐபிவி6 முகவரி இருக்காது, நஷ்டம் அவ்வளவே. ரூட்டரையே கேட்வேயாக (இணையத்துக்கு வாசலாக) வைப்பவர்கள் மட்டும் இதை எடுக்கக் கூடாது. பிஎஸ்என்எல் ஃபைபர் போல பிபிபிஓஇ லாகினை ரூட்டரிலேயே போடுகிறவர்கள் பிபிபியையும் விட்டுவைக்க வேண்டும்.

எடுக்கக் கூடாத ஒன்று, வைஃபை பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் நிரல். 23.05 முதல் இயல்பாக வருவது எம்பெட்டிஎல்எஸ் என்ற மறையாக்க நூலகத்தோடு டபிள்யூபிஏ3 (வைஃபையின் புதிய பாதுகாப்பு முறை) வரை செய்யும் பெரிய வகை. அதற்குப் பதில் ‘ஹோஸ்ட்ஏபிடி-மினி’ போட்டால் டபிள்யூபிஏ2 பாஸ்வேர்டு மட்டும் வரும். நீளமான பாஸ்வேர்டு வைத்தால் வீட்டுக்கு அது போதும். பெரியதை எடுத்துவிட்டு மினியைச் சேர்க்க மறந்தால், பாஸ்வேர்டு போட்ட வைஃபை கிளம்பவே கிளம்பாது. டிரைவரில் கோளாறு என்று தேடி நேரம் போகும்.

கட்டுவதற்கு இரண்டு வழி உண்டு. இமேஜ் பில்டர் என்பது ஏற்கெனவே தயாரான பேக்கேஜ்களைச் சேர்த்துக் கட்டுவது. சில நிமிட வேலை. பேக்கேஜ் பட்டியலில் பெயருக்கு முன் ஒரு கழித்தல் குறி போட்டால் அது வராது. ஆனால் கெர்னலைத் தொட முடியாது. புதிய வரிசைகளில் கொழுப்பு அங்கேதான் இருக்கிறது. ஆகவே முழு சோர்ஸிலிருந்து கட்டுவதே வழி. உபுண்டு அல்லது டெபியன் கணினி, 20 ஜிபி காலி இடம் வேண்டும். ரூட் என்ற முழு அதிகாரப் பயனராகக் கட்டக் கூடாது. ஃபோல்டர் பெயரில் இடைவெளி கூடாது. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வைத்திருப்பவர்கள், விண்டோஸின் பாத் வரிசை (நிரல்களைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) உள்ளே வந்து ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்பதில் உள்ள இடைவெளியாலேயே பாதியில் நிற்கும் என்பதைக் கவனிக்கவும். அந்த வரிசையைச் சுருக்கிவிட்டுக் கட்ட வேண்டும். முதல் முறை, சோர்ஸை நிரலாக மாற்றும் கம்பைலரிலிருந்தே எல்லாம் கட்டுவதால் சாதாரண லேப்டாப்பில் சில மணி நேரம் ஆகும். அடுத்த முறைகள் சீக்கிரம் முடியும். எரர் வந்தால் ஒரே ஒரு வேலையாக, முழு விவரத்தோடு திரும்ப ஓட்டுங்கள். பல வேலை ஒன்றாக ஓடும்போது உண்மையான எரர் நூறு வரிக்கு மேலே புதைந்து கிடக்கும்.

எதைச் சேர்ப்பது என்று தேர்வு செய்யும் மெனுகான்ஃபிக் திரையில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் மூன்று நிலை உண்டு. நட்சத்திரம் இருந்தால் ஃபெர்ம்வேருக்குள் வரும். ‘எம்’ இருந்தால் பேக்கேஜ் தனி ஃபைலாகக் கட்டப்படும், உள்ளே வராது. காலியாக இருந்தால் இல்லை. மினி வைஃபை நிரலுக்கு ‘எம்’ போட்டுவிட்டுச் சேர்த்தாயிற்று என்று இருப்பவர்கள் பலர். இன்னொன்றின் தேவைக்காக நாம் எடுத்தது தானாகவே திரும்ப நுழைவதும் உண்டு. கட்டி முடிந்தபின் மேனிஃபெஸ்ட் என்ற பட்டியல் ஃபைலைத் திறந்து உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள்.

கெர்னலில், பிழை தேட மட்டும் உதவும் டீபக் தகவல், குறியீட்டுப் பட்டியல், கிராஷ் லாக், கோர் டம்ப் ஆகியவற்றை முதலில் அணையுங்கள். யாரும் பயன்படுத்தாத கெர்னல் குறியீடுகளை நீக்கும் தேர்வையும், நூலகங்களில் தேவையான பகுதியை மட்டும் வைக்கும் தேர்வையும் அடுத்ததாகப் போடலாம். அதன் பிறகு வெளியிலிருந்து எந்த மாட்யூலையும் சேர்க்க முடியாது. 4 எம்பியில் எப்படியும் சேர்க்கப் போவதில்லை. கெர்னல் செய்திகளையே நிறுத்தும் ‘பிரின்ட்கே’ தேர்வைக் கடைசி வரை தொடாதீர்கள். கொஞ்சம் இடம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் மேலே சொன்ன அந்த ஒரு வரிக் காரணம்கூட அதன்பின் தெரியாது.

ஸ்குவாஷ்எஃப்எஸ் பிளாக் அளவு என்று ஒரு எண் உண்டு. அதை 1,024 கேபி ஆக்கினால் இறுக்கமாகச் சுருங்கி ஃபெர்ம்வேர் மெலியும். அதற்கு விலை ரேம். ஒரு சின்ன நிரலின் 4 கேபி பக்கம் வேண்டும் என்றாலும் முழு 1 எம்பி துண்டையும் விரிக்க வேண்டும். 32 எம்பி ரேமில் பல போன்கள் ஒன்றாகச் சேர்ந்தால், விரித்ததைக் கழித்து மறுபடி விரிப்பதிலேயே பிராசஸர் திணறும். பிங் (பதில் வரும் நேரம்) எகிறும், எஸ்எஸ்ஹெச் திறக்காது. இயல்பாக உள்ள அளவிலேயே 3,584 கேபிக்குள் அடங்கினால் அதை அப்படியே விடுங்கள்.

செட்டிங்கையும் ஃபெர்ம்வேருக்குள்ளேயே வைத்துக் கட்டுவது நல்லது. ‘ஃபைல்ஸ்’ என்ற ஃபோல்டரில் நெட்வொர்க், வயர்லெஸ் கான்ஃபிக் ஃபைல்களை அதே பாதையில் வைத்தால் அவை உள்ளே போகும். ரீசெட் அழுத்தினாலும் நம் செட்டிங்குக்கே திரும்பும். ஐபியை மாற்ற மறக்காதீர்கள். இயல்பு முகவரி 192.168.1.1, ஃபைபர் பெட்டியும் பல வீடுகளில் அதுவே, இரண்டும் மோதும். 192.168.1.2 என்று, ஃபைபர் பெட்டி போன்களுக்குக் கொடுக்கும் வரிசைக்கு வெளியே வையுங்கள். நாட்டுக் குறியீடு இந்தியா, சேனல் 1, 6, 11-ல் ஒன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். அடுக்குமாடியில் 40 வைத்தால் அக்கம்பக்கத்து ரூட்டர்களோடு சண்டைதான் மிச்சம். வைஃபை பாஸ்வேர்டு உள்ளே இருப்பதால் இந்த ஃபைலை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

கட்டி முடிந்து எரர் எதுவும் இல்லை, ஆனால் அவுட்புட் ஃபோல்டரில் சிஸ்அப்கிரேட் ஃபைலை (ஏற்கெனவே ஓபன்டபிள்யூஆர்டி ஓடும் பெட்டியில் ஏற்றுவது) காணோம் என்றால், அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். பெரிதானால் கட்டும் நிரலே அதை அழித்துவிடும். எச்சரிக்கை நடுவில் ஒரு வரியாக ஓடிப் போயிருக்கும். ஃபைல் இருந்தாலும் 64 கேபி பிளாக் கணக்கில் 36,70,016 பைட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் முறை, கம்பெனி ஃபெர்ம்வேரின் அப்கிரேட் பக்கம் வழியாக ‘ஃபேக்டரி’ ஃபைலை ஏற்ற வேண்டும்; நீளமான பெயரை அது மறுக்கும், சின்னப் பெயராக மாற்றிக்கொள்ளுங்கள். எஸ்எஸ்ஹெச் கிடைத்தவுடன் முதல் வேலை ஏஆர்டி பகுதியைக் கணினிக்கு நகலெடுத்து வைப்பது. அடுத்தடுத்த முறைகளில் ஃபைல் ரேமில்தான் போய் உட்காரும். 32 எம்பியில் அதற்கே இடம் போதாமல் ரூட்டர் உறைந்துவிடலாம். முன்னதாக வைஃபையை நிறுத்தி, ரேமில் தேங்கிய தற்காலிக நகல்களையும் (கேஷ்) காலி செய்யுங்கள். புதிய உபுண்டுவிலிருந்து எஸ்சிபி என்ற ஃபைல் அனுப்பும் கட்டளை வழியாக அனுப்பும்போது ‘எஸ்எஃப்டிபி சர்வர் இல்லை’ என்று வந்தால் ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஓ’ (-O) ஆப்ஷனைச் சேர்த்தால் போகும். எழுதும்போது கேபிள் வழியாக மட்டும், பழைய செட்டிங்கை வைக்காமல், யுபிஎஸ்ஸில் மாட்டி ஏற்றுங்கள். மழைக்காலத்தில் நம் ஊர் மின்சாரத்தை நம்பி பூட்லோடருக்கு அடுத்த பிளாக்கை அழிக்கத் தொடங்குவது வீண் துணிச்சல். அடாப்டரின் வோல்ட்டும் லேபிளில் உள்ளபடி இருக்க வேண்டும். பலவீனமான அடாப்டர் எழுதும் நேரத்தில்தான் காலை வாரும்.

ஏறியபின் பிரவுசரில் ஒன்றும் தெரியாது; லூசி இல்லை, பயப்பட வேண்டாம். ரூட்டர் ஐபி கொடுக்காது என்பதால் கணினிக்குக் கையால் 192.168.1.10 போட்டு எஸ்எஸ்ஹெச் செய்யுங்கள். ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளை நீல நிற ‘வேன்’ (இன்டர்நெட்) போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட் ஒன்றில் செருகுங்கள். டிஎன்எஸ்மாஸ்கை எடுக்காமல் இப்படிச் செருகினால் வீட்டில் ஐபி கொடுப்பவர் இருவராகிவிடுவார்கள். சில போனில் நெட் வரும், சில போனில் வைஃபை சேர்ந்தும் நெட் வராது.

பெட்டி கிளம்பவில்லை என்றால் டிபி-லிங்கின் பல வெர்ஷன்களில் ரீசெட்டை அழுத்திக்கொண்டே கரண்ட் கொடுத்தால் பூட்லோடர் டிஎஃப்டிபி என்ற எளிய ஃபைல் பரிமாற்ற முறை வழியாக 192.168.0.66 முகவரி உள்ள கணினியில் ஃபைல் தேடும். ஃபைல் பெயர் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறும். கம்பெனி ஃபைலின் பெயரில் ‘பூட்’ என்று இருந்தால் அதற்குள் பூட்லோடரும் இருக்கிறது. அப்படியே எழுதினால் இடம் தவறி விழும். முதல் 1,31,584 பைட்டை, அதாவது 512 பைட் வீதம் 257 துண்டை, வெட்டிவிட்டுக் கொடுக்க வேண்டும். அதுவும் நடக்காவிட்டால் சீரியல் கன்சோல் (போர்டில் நேராக வயர் இணைத்துக் கட்டளை கொடுக்கும் வழி): 3.3 வோல்ட் யுஎஸ்பி-டிடிஎல் கேபிள், வேகம் 1,15,200, கிரவுண்ட், டிஎக்ஸ், ஆர்எக்ஸ் மூன்று வயர் மட்டும். 5 வோல்ட் கேபிள் சிப்பைக் கொன்றுவிடும்.

ஃபிளாஷ் சிப்பையே 8 அல்லது 16 எம்பிக்கு மாற்றலாமே என்பார்கள். எட்டுக் கால் வின்பாண்ட் சிப், அதில் எழுத உதவும் சிஹெச்341ஏ புரோகிராமர் இரண்டும் ரிச்சி தெருவில் தேடிப் பிடிக்கலாம். அந்தக் கறுப்புப் புரோகிராமரில் சிப்புக்குப் போகும் மின்சாரம் 3.3 வோல்ட்டாக இருந்தாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட் வரும் என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். சிப்பைக் கழற்றாமல் கிளிப் மாட்டிப் படித்தால் போர்டும் சேர்ந்து விழித்துக்கொண்டு குளறும். இரண்டு முறை படித்து இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட்ட பிறகே பழையதை நம்பலாம். ஆனால் ரேம் அதே 32 எம்பிதானே? அந்தச் செலவில் 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ரேம் உள்ள பழைய பெட்டி ஒன்றைத் தேடுவதே மேல்.

2022-ன் மின்னணுக் கழிவு விதிப் பட்டியலில் ரூட்டரும் இருக்கிறது. உயிர் திரும்பாத பெட்டியை மாநகராட்சிக் குப்பையோடு கலக்காமல் மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுக்கலாம். உங்கள் பக்கத்தில் இத்தகைய குறிப்பு அடுத்து வரும்போது மாடலோடு வெர்ஷன் எண், ஃபிளாஷ், ரேம் அளவு மூன்றையும் ஒரு கட்டத்துக்குள் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிந்தாதிரிப்பேட்டை, சென்னை - 2